எந்தத் திசையில் அளந்தீர்கள்?

மதுரைக் கல்லூரிகளில் முதுகலை இயற்பியலும் வேதியியலும் படித்து, ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு,



உங்களில் சிலர் இந்த ஆண்டு கரிம மென்படலங்களின் வெப்பமின் பண்புகள் என்ற தலைப்பை எடுத்திருக்கிறீர்கள். இன்னும் சிலர் எடுக்கலாமா என்று யோசிக்கிறீர்கள். தாராளமாக எடுங்கள். ஒரு கண்ணாடித் தகடு, நாலைந்து துளி பாலிமர்க் கரைசல், ஒரு முனையைச் சூடேற்ற ஏற்பாடு, மறுமுனையைக் குளிர்விக்க ஏற்பாடு, நல்ல வோல்ட்மீட்டர் ஒன்று. இவ்வளவை வைத்துக்கொண்டு தொடங்கிவிடலாம். கோடிக்கணக்கில் கருவி வாங்கித்தர யாரும் வர வேண்டியதில்லை.

வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவன் என்ற உரிமையில் ஒன்றை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன். ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தில் இசட்டி என்று ஓர் எண்ணை எழுதப்போகிறீர்கள். எழுதுவதற்கு முன், அந்த எண்ணுக்குள் போகிற மூன்று அளவுகளையும் எந்தத் திசையில் அளந்தோம் என்று யோசித்துப் பாருங்கள். வைவாவுக்கு நான் வந்தால் முதலில் கேட்பது அதைத்தான்.

அடிப்படை உங்களுக்குத் தெரியும், வேகமாகக் கடந்துவிடுகிறேன். 1821இல் சீபெக், இரண்டு உலோகங்களை வளையமாகச் சேர்த்து ஒரு சந்தியைச் சூடாக்கியபோது பக்கத்தில் இருந்த திசைகாட்டி ஊசி திரும்பியது. அவர் அதைக் காந்த விளைவு என்றே எடுத்துக்கொண்டார். மின்சாரம் ஓடியதால்தான் ஊசி திரும்பியது என்பதைப் பிறர் சொல்ல வேண்டியிருந்தது. இளங்கலை ஆய்வகத்தில் செம்பு–கான்ஸ்டன்டன் கம்பிகளை எண்ணெயில் மூழ்கவைத்து பொட்டென்ஷியோமீட்டரில் நீங்கள் அளந்ததும் இதே விளைவைத்தான். அந்த ஜோடி ஒரு டிகிரிக்குச் சுமார் 40 மைக்ரோவோல்ட் தரும்.

ஒரு பொருள் வெப்பத்தை மின்சாரமாக மாற்ற எவ்வளவு லாயக்கு என்பதைச் சொல்லும் எண்தான் இசட்டி. சீபெக் கெழுவின் வர்க்கத்தை மின்கடத்துதிறனாலும் கெல்வின் வெப்பநிலையாலும் பெருக்கி, வெப்பக் கடத்துதிறனால் வகுத்தால் கிடைப்பது. மின்சாரம் தாராளமாக ஓட வேண்டும், வெப்பம் மட்டும் ஓடக் கூடாது என்று கேட்கிற விசித்திரமான எண் அது. உலோகங்களில் இரண்டையும் சுமப்பது அதே எலக்ட்ரான்கள்தாம் என்பதால் ஒன்றை விட்டு ஒன்றைப் பிடிக்க முடியாது. 1954இல் கோல்ட்ஸ்மிட் பிஸ்மத் டெலூரைடைக் கையில் எடுத்த பிறகுதான் அறை வெப்பநிலையில் இந்த எண் 1-ஐ நெருங்கத் தொடங்கியது. இன்றும் கடையில் கிடைக்கும் பெல்டியர் சில்லுகளுக்குள் இருப்பது அந்தக் குடும்பத்துப் பொருள்தான். 1977இல் கிளம்பிய வாயேஜர் விண்கலங்களில் சிலிக்கன்–ஜெர்மானியம். அங்கே புளூட்டோனியத்தின் சூட்டில் வேலை நடப்பதால் உயர் வெப்பநிலையைத் தாங்கும் கலவை தேவைப்பட்டது.

டெலூரியம் பூமியில் மிகவும் அரிது. செம்பைச் சுத்திகரிக்கும்போது கிடைக்கும் உபபொருள். அதனால்தான் கார்பனின் பக்கம் எல்லோரும் திரும்பினார்கள். பிளாஸ்டிக்கில் மின்சாரம் ஓடும் என்பதை 1977இல் ஷிராகாவா, மெக்டயர்மிட், ஹீகர் மூவரும் பாலிஅசெட்டிலினில் அயோடின் ஏற்றிக் காட்டினார்கள்; 2000இல் வேதியியல் நோபல் பெற்றார்கள். பாலிமரில் வெப்பக் கடத்துதிறன் இயல்பிலேயே குறைவு. எனவே மின்கடத்துதிறனை மட்டும் ஏற்றிவிட்டால் காரியம் முடிந்தது என்று நினைப்பது இயற்கை. 2011இல் ஸ்வீடனின் லிஞ்சோப்பிங் பல்கலைக்கழகக் குழு பெடாட் என்ற மின்கடத்தும் பாலிமரின் படலத்தில் இசட்டி 0.25 என்றது. 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு, பிஎஸ்எஸ் என்ற துணைப் பாலிமர் கலந்த பெடாட்-பிஎஸ்எஸ் படலத்தில் வேண்டாத பிஎஸ்எஸ்ஸை எத்திலீன் கிளைக்காலில் கழுவி நீக்கி 0.42 என்றது. 2024இல் சீன அறிவியல் கழகத்தைச் சேர்ந்த குழு, இரண்டு பாலிமர்களைச் சில நானோமீட்டர் தடிமனில் மாற்றிமாற்றி அடுக்கி, 368 கெல்வினில், அதாவது சுமார் 95 டிகிரி செல்சியஸில், 1.28 என்றது. பிஸ்மத் டெலூரைடுக்கு முன்னால் பிளாஸ்டிக் நெஞ்சு நிமிர்த்தி நிற்கும் எண் அது. இவற்றைப் படித்துவிட்டுத்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

இனி உங்களுக்கு ஓர் ஆளை அறிமுகம் செய்கிறேன். பெயர் தெரிந்திருக்கும். வேலை தெரியாமல் இருக்கலாம்.

விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில் இருக்கும் வத்திராயிருப்பில் 1898இல் பிறந்தவர் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன். பள்ளிப் படிப்பு ஸ்ரீவில்லிபுத்தூர். அதன்பின் நம் மதுரை அமெரிக்கன் கல்லூரி, பிறகு சென்னைக் கிறித்தவக் கல்லூரி. கல்கத்தாவில் ராமனோடு சேர்ந்து 1928இல் அந்தப் புகழ்பெற்ற ஒளிச்சிதறல் வேலையைச் செய்தவர். மேடைகளில் அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைக்கவில்லையே என்று அங்கலாய்த்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. அந்த அங்கலாய்ப்பில் அவர் அதன்பின் முப்பது ஆண்டுகள் செய்த வேலை மறைந்துவிடுகிறது.

அதே 1928இல் டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே கரிமப் படிகங்களை எடுத்துக்கொண்டார். நாப்தலீன், ஆந்திரசீன் போன்றவை, பென்சீன் வளையங்கள் ஒட்டிப்பிறந்த மூலக்கூறுகள். ஒரு சின்னப் படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் தொங்கவிட்டு, காந்தப் புலத்துக்குள் அது எப்படித் திரும்ப முயல்கிறது என்று பார்த்தார். வளையத்தின் தளத்துக்குச் செங்குத்தான திசையில் காந்த எதிர்ப்பு மிகுதி, தளத்தோடு இணையான திசைகளில் குறைவு. ஆகவே, படிகத்தை வெவ்வேறு அச்சில் தொங்கவிட்டு அளந்தால் அதற்குள் மூலக்கூறுகள் எந்தப் பக்கம் சாய்ந்து படுத்திருக்கின்றன என்று சொல்லிவிட முடியும். எக்ஸ் கதிர்ப் படிகவியல் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் ஓர் இழையும் ஒரு காந்தமும் வைத்து அந்த மனிதர் இதைச் செய்தார். 1936இல் இதே பொருள் பற்றி லண்டனின் கேத்லீன் லான்ஸ்டேலோடு சேர்ந்து கட்டுரை எழுதினார்.

அடுத்தது கிராஃபைட். 1939இல் கங்கூலியோடு சேர்ந்து நேச்சர் இதழில் வெளியிட்ட சிறு குறிப்பில், கிராஃபைட் படிகத்தின் அடுக்குகளின் வழியே மின்சாரம் பாய்வதற்கும், அடுக்குகளைக் குறுக்கே துளைத்துப் பாய்வதற்கும் இடையே பல ஆயிரம் மடங்கு வேறுபாடு இருப்பதைக் காட்டினார். ஒரே துண்டு. ஒரே பொருள். எந்தப் பக்கமாகக் கம்பியை வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அது உலோகத்துக்கு நெருங்கிய உறவாகவோ தூரத்து உறவாகவோ மாறிவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. 1947இல் தில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரான பிறகும் அவர் ஆய்வகத்தை விடவில்லை. 1954 வாக்கில் ஜெயினுடன் சேர்ந்து, வெற்றிடத்தில் மின்சாரம் பாய்ச்சிச் சூடேற்றிய மெல்லிய தண்டின் நீளவாக்கில் வெப்பநிலை எப்படிப் பரவுகிறது என்று தொடர்ந்து கட்டுரைகள் எழுதினார். அதிலிருந்து வெப்பக் கடத்துதிறனைக் கறந்தெடுத்தார். கரிமப் பொருளின் திசைச்சார்பு, கார்பன் அடுக்குகளின் மின்கடத்துதிறன், மெல்லிய பொருளின் வெப்பக் கடத்துதிறன் மூன்றும் ஒரே மனிதரின் கையால் அளக்கப்பட்டிருக்கின்றன. வெப்பமின் படலம் பற்றி அவர் எழுதவில்லை. அப்போது அப்படி ஒரு துறையே இல்லை. ஆனால் உங்கள் ஆய்வேட்டுக்குத் தேவையான ஒழுங்கு முழுவதும் அந்த வத்திராயிருப்புக்காரரின் நோட்டுப் புத்தகத்தில் இருந்திருக்கிறது.

இப்போது உங்கள் படலத்துக்கு வருவோம். பெடாட்-பிஎஸ்எஸ் கரைசலைக் கண்ணாடியில் விட்டு, சுழற்பூச்சுக் கருவியில் சுற்றி, 120 டிகிரியில் காயவைத்தால் சுமார் 100 நானோமீட்டர் தடிமனில் ஒரு படலம் கிடைக்கும். சுற்றும்போதும் காயும்போதும் பாலிமர்ச் சங்கிலிகள் கண்ணாடியின் மேல் படுத்துக்கொள்கின்றன. பெரும்பாலானவை தளத்தோடு தளமாக. எனவே படலத்தின் நீளவாக்கில் மின்சாரம் எளிதாக ஓடும். மேலிருந்து கீழாகப் போவது அதைவிடச் சில நூறு மடங்கு கடினம், சமயத்தில் அதற்கும் மேல். கிருஷ்ணனின் கிராஃபைட்தான் இது, கொஞ்சம் ஒழுங்கு குலைந்த வடிவில்.

மின்கடத்துதிறனை நீங்கள் நான்கு ஊசி வைத்து அளக்கிறீர்கள். அது நீளவாக்கு. சீபெக் கெழுவையும் ஒரு முனையைச் சூடாக்கி மறுமுனையோடு ஒப்பிட்டு அளக்கிறீர்கள். அதுவும் நீளவாக்கு. வெப்பக் கடத்துதிறனை அளக்கக் கருவி இல்லை. என்ன செய்வீர்கள்? ஏதோ ஒரு கட்டுரையில் இருந்து 0.2 அல்லது 0.3 வாட் என்ற எண்ணை எடுத்துப் போட்டு வகுத்துவிடுவீர்கள். அந்த 0.3 பெரும்பாலும் படலத்தின் குறுக்கே, மேலிருந்து கீழாக அளந்த எண். வடக்கே போகிற பஸ்ஸின் வேகத்தைக் கிழக்கே போகிற ரயிலின் நேரத்தோடு பெருக்கி மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையேயான தூரத்தைக் கண்டுபிடித்ததுபோல ஆகிவிடுகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். எத்திலீன் கிளைக்காலில் பதப்படுத்திய நல்ல படலத்தின் மின்கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 1000 சீமென்ஸ், சீபெக் கெழு டிகிரிக்கு 20 மைக்ரோவோல்ட் என்று வைத்துக்கொள்வோம். வெப்பநிலையைச் சேர்க்காமல் மேலே வரும் பகுதி மீட்டருக்கு, கெல்வின் வர்க்கத்துக்கு 40 மைக்ரோவாட். 300 கெல்வினில், 0.3-ஆல் வகுத்தால் இசட்டி 0.04. பரவாயில்லையே என்று தோன்றும். இப்போது வீடமன்–ஃபிரான்ஸ் விதியை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். எலக்ட்ரான்கள் மின்சாரத்தைச் சுமக்கும்போது கூடவே வெப்பத்தையும் சுமக்கின்றன. அந்த மின்கடத்துதிறனுக்கு அறை வெப்பநிலையில் எலக்ட்ரான்கள் மட்டுமே தூக்கிச்செல்லும் வெப்பக் கடத்துதிறன் 0.7 வாட்டைத் தாண்டும். மொத்தமே 0.3 என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். பகுதி முழுமையைவிடப் பெரிதாக இருக்கிறது. பாலிமருக்கு இந்த விதி அப்படியே பொருந்துமா என்று வாதம் செய்யலாம், வரவேற்கிறேன். ஆனால் வாதம் செய்யாமலே 0.3 என்று எழுதிவிட்டுப் போக முடியாது. 2015இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கேஹிலின் குழு பெடாட்-பிஎஸ்எஸ்ஸை இரண்டு திசையிலும் அளந்தபோது, குறுக்கே 0.3, நீளவாக்கில் 1.0 வரை என்று வந்தது. அந்த 1-ஐப் போட்டு வகுத்தால் உங்கள் 0.04 சட்டென்று 0.012 ஆகிவிடும்.

பாலிஅனிலின் எடுத்தவர்கள் இந்த இடத்தில் சிரிக்கலாம். அனிலினையும் அம்மோனியம் பெர்சல்ஃபேட்டையும் அமிலத்தில் கலந்தால் கண்ணெதிரே பச்சையாகும் அந்தப் பொருளை எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் செய்துவிடலாம். செலவும் கொஞ்சம்தான். (அனிலின் நச்சு. புகைபோக்கி அலமாரி இல்லாமல் தொடாதீர்கள்.) சாதாரண ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் செய்த பாலிஅனிலினின் மின்கடத்துதிறன் ஒற்றை இலக்கத்தில்தான் இருக்கும். அவ்வளவு குறைவான கடத்துதிறனில் எலக்ட்ரான்களின் வெப்பப் பங்கு ஒரு பொருட்டே இல்லை. எனவே 0.2-ஐக் கடன் வாங்கினாலும் பெரிய தவறு வராது. ஆனால் சீபெக் கெழு 10 மைக்ரோவோல்ட் என்றால் வரும் இசட்டி, புள்ளிக்குப் பிறகு நான்கு சுழி போட்டு எழுத வேண்டிய எண். அப்படி ஓர் எண்ணை அட்டவணையில் போடுவதைவிட, 1992இல் ஹீகரின் குழு செய்ததுபோலக் கற்பூர சல்ஃபோனிக் அமிலமும் மெட்டா-கிரெசாலும் சேர்த்துச் சங்கிலிகளை நீட்டிவிட்டு, மின்கடத்துதிறன் நூறைத் தாண்டுகிறதா, அப்போது சீபெக் கெழு எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பது உருப்படியான வேலை.

வெப்பக் கடத்துதிறனை நீளவாக்கில் அளக்க வழியே இல்லையா? இருக்கிறது, படலத்தைக் கண்ணாடியிலிருந்து விடுவித்தால். கரைசலைத் துளித்துளியாக விட்டுத் தடிமனாகக் காயவைத்து, தனியாக உரித்தெடுக்கக்கூடிய காகிதம்போன்ற பட்டையாக்குங்கள். சில பத்து மைக்ரான் போதும். ஒரு முனையைக் காலமுறைப்படி சூடாக்கி ஆறவிட்டு, இரண்டு இடங்களில் வெப்பநிலை அலை எவ்வளவு தணிகிறது, எவ்வளவு தாமதமாகிறது என்று பார்ப்பது ஆங்ஸ்ட்ராம் 1861இல் சொன்ன முறை. பக்கவாட்டில் ஒழுகும் வெப்பம் அந்தச் சூத்திரத்தில் தானாகவே கழன்றுவிடும் என்பது அதன் அழகு. தெர்மோகப்பிள் கம்பி முடியைப்போல மெல்லியதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கம்பியையே அளந்துகொண்டிருப்பீர்கள். கிருஷ்ணன் வழியில் மின்சாரத்தாலேயே பட்டையைச் சூடாக்கி நடுவில் ஏறும் வெப்பநிலையைப் பார்க்கவும் செய்யலாம். ஆனால் பட்டை மெலியமெலியக் கதிர்வீச்சு இழப்பு ஓங்கிவிடும், வெற்றிடமும் குட்டையான பட்டையும் வேண்டும். ஓர் ஆய்வேட்டுக்கு இதுவே போதும். உங்கள் வழிகாட்டி ஒப்புக்கொள்ளாவிட்டால் இந்த மடலைக் காட்டுங்கள்.

கண்ணாடி பற்றிச் சொன்னேன் அல்லவா, அதில் இன்னொரு கணக்கு இருக்கிறது. 1 மில்லிமீட்டர் தடிமன் கண்ணாடியின் மேல் 100 நானோமீட்டர் படலம். கண்ணாடி பத்தாயிரம் மடங்கு தடிமன், வெப்பக் கடத்துதிறனும் ஏறத்தாழ 1 வாட். சூடான முனையிலிருந்து போகிற வெப்பத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் உங்கள் படலத்தின் வழியே போகிறது. மின்னழுத்தம் வரும், அளவீடும் சரியாக இருக்கும். ஆனால் அந்தத் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு இது மின்னாக்கி என்று சொல்ல முடியாது. சரி, குறுக்கே பயன்படுத்தலாம் என்றால், சதுர சென்டிமீட்டருக்கு 1 வாட் வெப்பம் பாய்ந்தாலும் 100 நானோமீட்டர் படலத்தின் மேலும் கீழும் வெப்பநிலை வேறுபாடு 0.003 டிகிரிதான் வரும். 20 மைக்ரோவோல்ட்டால் பெருக்கினால் மிஞ்சுவது 0.07 மைக்ரோவோல்ட். மென்படலம் என்பது பொருளின் குணத்தைப் படிக்க வசதியான வடிவம். சாதனம் செய்ய வேண்டும் என்றால் தடிமனாக அச்சிட வேண்டும், அல்லது மெல்லிய பிளாஸ்டிக் தாளில் பூசி மடித்துச் சுருட்ட வேண்டும். ஆய்வேட்டு முன்னுரையில் இரண்டையும் கலந்து எழுதாதீர்கள்.

இனி நம் ஊர்க் காற்று. இதை வெளிநாட்டுக் கட்டுரைகள் உங்களுக்குச் சொல்லித்தரா.

பெடாட்-பிஎஸ்எஸ்ஸில் இருக்கும் பிஎஸ்எஸ் ஓர் அமிலம். காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறியதும் உள்ளே இருக்கும் புரோட்டான்களும் நகரத் தொடங்கும். சூடான முனையிலிருந்து குளிர்ந்த முனைக்கு அவை நகர்ந்து குவியும்போது எலக்ட்ரான்களின் பங்கோடு சேர்ந்து பெரிய மின்னழுத்தம் ஒன்று எழும். அயனி சீபெக் விளைவு என்பது இதுதான். சித்திரையில் வறண்ட காற்றில் 18 மைக்ரோவோல்ட் காட்டிய படலம், ஐப்பசி அடைமழையில் ஜன்னலைத் திறந்து வைத்து அளந்தால் சில மடங்கு கூடுதலாகக் காட்டக்கூடும். பார்த்ததும் துள்ளிக் குதிக்கத் தோன்றும். குதிக்காமல் அரை மணி நேரம் அப்படியே விட்டுவைத்துப் பாருங்கள். குவிந்த அயனிகள் மின்முனையைத் தாண்டி வெளிச்சுற்றில் ஓட முடியாது, எனவே சுற்றில் மின்னோட்டம் எடுத்தால் அந்த மின்னழுத்தம் தேய்ந்துவிடும். எலக்ட்ரான் பங்கு மட்டும் நிற்கும். ஒவ்வொரு அளவீட்டின் பக்கத்திலும் தேதி, அறை வெப்பநிலை, ஈரப்பதம் மூன்றையும் எழுதுங்கள். ஒரு சாதாரண ஹைக்ரோமீட்டர் போதும். உண்மையில், வைகைச் சமவெளியில் சித்திரை முதல் மார்கழி வரை ஒரே படலத்தை மாதம் ஒருமுறை அளந்து வரைபடம் போட்டாலே அது ஒரு நல்ல ஆய்வேடு.

வோல்ட்மீட்டர் பற்றி ஒரு வார்த்தை. கடையில் வாங்கும் சாதாரண மல்டிமீட்டரின் கடைசி இலக்கம் 100 மைக்ரோவோல்ட். ஐந்து டிகிரி வேறுபாட்டில் உங்கள் படலம் தருவதும் அதே 100 மைக்ரோவோல்ட். ஒரே ஓர் இலக்கம் ஆடுவதை வைத்துச் சீபெக் கெழுவைச் சொல்ல முடியாது. நானோவோல்ட்மீட்டர் துறையில் இல்லையென்றால் நல்ல பெருக்கி ஒன்றைக் கட்டுங்கள். அளக்கும்போது சீலிங் ஃபேனை நிறுத்துங்கள், வியர்த்தாலும் பரவாயில்லை. வெப்பநிலை வேறுபாட்டை ஒரே புள்ளியில் வைத்து வகுக்காமல், ஐந்தாறு வேறுபாடுகளில் அளந்து கோட்டின் சரிவை எடுங்கள். மின்முனைகள் அகலமாகவும் இடைவெளி குறுகலாகவும் இருந்தால் சீபெக் கெழு உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும், ஆகவே முனைகளைச் சிறிதாக ஓரத்தில் வையுங்கள்.

அடுத்தது, முன்னுரைகளில் நீங்கள் தவறாமல் எழுதும் அந்தப் பத்தி. உடல் சூட்டில் இயங்கும் கைக்கடிகாரம், வீணாகும் வெப்பத்திலிருந்து மின்சாரம். குளிர்நாட்டில் எழுதிய பத்தியை மொழிபெயர்த்து மதுரையில் ஒட்டுகிறீர்கள். தோலின் வெப்பநிலை 33, 34 டிகிரி. ஸ்வீடனில் அறைக்குள் 20. அங்கே வெப்பம் உடலிலிருந்து வெளியே ஓடும். மதுரையில் மே மாத மதியம் 39, 40 டிகிரி. வெப்பம் காற்றிலிருந்து உடலுக்குள் ஓடும், காலையிலும் மாலையிலும் இரண்டும் சமமாகி எதுவும் ஓடாமல் நிற்கும் நேரமும் வரும். இரண்டு திசையிலும் வேலை செய்யும் மின்சுற்று இல்லாமல் அந்தக் கடிகாரம் இங்கே நாளுக்கு இருமுறை நின்றுவிடும். தை மாத இரவில்கூட, மெல்லிய சாதனத்தின் இரு பக்கமும் நிற்கும் வேறுபாடு ஒரு டிகிரி அளவுதான், மீதி முழுவதும் தோலிலும் காற்றிலும் போய்விடும். பி-வகை, என்-வகை இரண்டு கால்களும் தலா 20 மைக்ரோவோல்ட் தந்தால், மின்னழுத்த உயர்த்திச் சில்லு விழித்தெழத் தேவையான 20 மில்லிவோல்ட்டுக்கு 500 ஜோடி கால்கள் வேண்டும். என்-வகைப் பாலிமர்கள் காற்றுப் பட்டதும் கெட்டுப்போகும் என்பது நெடுநாள் தலைவலி. 2022இல் தென்சீனத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு ஒன்று காற்றில் நிற்கக்கூடிய, சென்டிமீட்டருக்கு 2000 சீமென்ஸ் அளவு கடத்தும் என்-வகைப் பாலிமரைக் கொண்டுவந்த பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

வீணாகும் வெப்பத்துக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. மதுரையைச் சுற்றிலும் நெல் அவிக்கும் அரிசி ஆலைகள் உண்டு. உமியை எரித்துக் கொதிகலன் ஓடுகிறது, நீராவிக் குழாய்கள் 100 டிகிரியில் திறந்தபடி கிடக்கின்றன. கரிமப் பொருள் தாங்கும் வெப்பநிலை அதுதான், எனவே பொருத்தமான இடம். 100 டிகிரிக்கும் 35 டிகிரிக்கும் நடுவே கார்னோ தரும் உச்ச வரம்பு 17 விழுக்காடு. இசட்டி 0.4 என்றால் அதில் கைக்கு வருவது 1.6 விழுக்காடு. 2024இன் 1.28 அப்படியே கிடைத்தாலும் 4 விழுக்காட்டைத் தொடாது. ஒரு குழாயிலிருந்து 1000 வாட் வெப்பம் ஒழுகினால் 16 வாட், அதுவும் குளிர்ந்த பக்கத்தை 35 டிகிரியிலேயே நிறுத்த முடிந்தால். ஆலைக்காரரிடம் போனால் அவர் கேட்பார்: "அந்தக் குழாய்க்கு மேல கண்ணாடிப் பஞ்சு சுத்தினா எனக்கு எவ்வளவு உமி மிச்சம்?" அவர் கேட்பது சரி. முதலில் பஞ்சைச் சுற்ற வேண்டும். அதற்குப் பிறகும் மிஞ்சும் இடம், இருட்டில், மின்கம்பி போகாத மூலையில், கொதிகலன் வெப்பநிலையைச் சொல்லும் ஒரு சின்ன உணரிக்குச் சில மில்லிவாட் தருவது. பேட்டரி மாற்றத் தேவையில்லாத உணரி. கரிமப் படலங்களின் எதிர்காலம் அந்த மாதிரி இடங்களில் இருப்பதாக எனக்குப் படுகிறது. கூரையில் வெயில் இருக்கும்வரை மின்சாரம் எடுக்கச் சூரியத் தகட்டோடு போட்டி போட வேண்டியதில்லை.

கருவி இல்லை என்று கவலைப்படுகிறவர்களுக்கு: காரைக்குடி இரண்டு மணி நேரப் பஸ் தூரம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அங்கே இருக்கிறது. மின்கடத்தும் பாலிமர்களில் நெடுநாள் அனுபவம் உள்ளவர்கள். கடிதம் எழுதிக் கேளுங்கள். பல்கலை நகரில் காமராசர் பல்கலைக்கழகத்தின் இயற்பியல், வேதியியல் துறைகளிலும் கேளுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

கடைசியாக ஒரு யோசனை. இந்தத் தலைப்பை எடுத்தவர்கள் கல்லூரிக்கு ஒருவராகச் சிதறிக் கிடக்கிறீர்கள். ஒருவர் அளந்ததை இன்னொருவர் சரிபார்ப்பதே இல்லை. ஒரே நாளில், ஒரே கரைசலில், ஒருவரே ஒரு டஜன் படலங்களைப் பூசட்டும். அவற்றை ஈரம் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு போட்டு, கோரிப்பாளையத்திலிருந்து தெப்பக்குளம் வரை, நாகமலைப் புதுக்கோட்டையிலிருந்து திருப்பரங்குன்றம் வரை, ஒவ்வொரு கல்லூரிக்கும் இரண்டு கொடுங்கள். எல்லோரும் மின்கடத்துதிறனையும் சீபெக் கெழுவையும் மட்டும், நீளவாக்கில் மட்டும் அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். இசட்டி வேண்டாம். படலத்துக்கு முன் ஒவ்வொருவரும் ஒரு கான்ஸ்டன்டன் கம்பியை உங்கள் அமைப்பில் வைத்து, செம்போடு சேர்த்து 40 மைக்ரோவோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் படலத்தைத் தொட வேண்டாம், முதலில் அமைப்பைச் சரிசெய்யுங்கள். எண்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகுகின்றன என்று பார்த்த பிறகு, அந்த விலகலையே எல்லோரும் சேர்ந்து ஒரு கட்டுரையாக எழுதலாம்.

கம்பிக்கு யாரும் செலவு செய்ய வேண்டாம். என்னிடம் பழைய பொட்டென்ஷியோமீட்டர்ச் சுருள் ஒன்று இருக்கிறது, எல்லோருக்கும் அரை மீட்டர் வெட்டித் தர அது போதும். படலம் பூசுகிற பொறுப்பை யார் எடுப்பது என்பதை மட்டும் தீபாவளிக்கு முன் உங்களுக்குள் முடிவு செய்துவிடுங்கள். மழை பிடித்துவிட்டால் காயவைப்பது கஷ்டம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
மதுரை